வழிப்பயணமும் வாய் விளையாட்டும்

ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம், ஆவணியிலே மண்டூர்க் கந்தன் திருவிழா, இடையிலே பாடசாலை விடுமுறை என்று இப்பருவத்தில் மட்டக்களப்பு வீதிகளிலே குடும்பங் குடும்பமாகப் பயணஞ் செய்வோர் தொகை பெருகிவிடுகிறது. கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வருவோர் ஒருபுறம். லண்டன், தொறொன்ரோ முதலிய தூர நகரங்களிலிருந்து பேரப்பிள்ளைகளை அழைத்து வருவோர் மறுபுறம். கல்முனையிலிருந்து வாழைச்சேனைக்கு மாமி வீடு காணப் போவோர் இன்னொருபுறம். யாராயினும், காரிலோ வேனிலோ ஏறிக் கதவை அடைத்த கால் மணி நேரத்துக்குள் பின் ஆசனத்திலிருந்து எழும் கேள்வி ஒன்றே: “அம்மா, இன்னும் எவ்வளவு தூரம்?”

இக்கேள்விக்குக் கிலோமீற்றர்க் கணக்கில் விடை சொல்லிப் பயனில்லை. பிள்ளை கேட்பது தூரத்தையன்று. “எனக்குப் பொழுது போகவில்லை” என்பதையே அது இவ்விதம் சொல்கிறது. இந்நாளில் இதற்குக் கைக்கெட்டிய மருந்து கைத்தொலைபேசி. அதைக் கையிற் கொடுத்துவிட்டால் வாகனத்துக்குள் அமைதி நிலவுகிறது என்பது உண்மையே. ஆயினும் அந்த அமைதிக்கு நாம் கொடுக்கும் விலை இரண்டு.

முதலாவது, பிள்ளையின் வயிறு. நமது காதின் உட்புறத்திலே உடலின் அசைவை உணரும் உறுப்பொன்று உண்டு. வண்டி வளைவதையும் குலுங்குவதையும் அது மூளைக்கு அறிவித்தபடி இருக்கிறது. கண்களோ சிறு திரையிலே பதிந்து, “நான் அசையாமல் இருக்கிறேன்” என்று அறிவிக்கின்றன. இவ்விரண்டு சாட்சிகளும் முரண்படும்போதே தலைச்சுற்றும் குமட்டலும் தோன்றுகின்றன. தூரத்துத் தென்னையையோ தொடுவானையோ பார்த்து வரும் பிள்ளைக்கு இத்துன்பம் குறைவு. ஆகவே, யன்னலுக்கு வெளியே பார்க்கச் செய்யும் விளையாட்டு எதுவும் பாதி மருந்தாகும்.

இரண்டாவது விலை சற்றுப் பெரியது. அதைப் பின்னர்ச் சொல்வோம். முதலில் விளையாட்டுகளைப் பார்ப்போம். இவற்றுக்கு அட்டையோ காயோ வேண்டியதில்லை. வாயும் காதும் கண்ணும் போதும்.

எழுவானும் படுவானும்

எந்த விளையாட்டுக்கும் முதலில் இரண்டு கட்சிகள் வேண்டும். கண்ணகியம்மன் பேரால் நடைபெற்ற கொம்புமுறி விளையாட்டிலே ஊரே வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரிந்து நின்றதை முதியோர் அறிவர். வளைந்த இரு கொம்புகளை ஒன்றுடன் ஒன்று கொளுவி, கயிறு பிணைத்து இரு சேரியாரும் இழுப்பர்; யாருடைய கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர். பாடிப் பரிகசிப்பதும் உண்டு. அதன்பின் கூடி மகிழ்வதும் உண்டு. அந்த மரபை வண்டிக்குள் கொண்டுவரலாம்.

மட்டக்களப்பிலிருந்து தெற்கே கல்முனை நோக்கிச் செல்லும்போது இடப்புறம் கிழக்கு, வலப்புறம் மேற்கு. இந்நாட்டார் வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேல்கரையைப் படுவான்கரை என்றும் சொல்வர். சூரியன் எழும் திசையும் படும் திசையும் அப்பெயர்களிலேயே உள்ளன. ஆகவே, இடப்புற யன்னலோரம் இருப்போர் ‘எழுவான் கட்சி’, வலப்புறத்தார் ‘படுவான் கட்சி’. தத்தம் பக்கத்தில் முதலிற் கண்டதைச் சொல்பவருக்குப் புள்ளி: கொக்கு ஒரு புள்ளி, நீர்க்காகம் இரண்டு, மீன்கொத்தி மூன்று, வீச்சுவலை எறியும் மனிதர் ஐந்து, கடல் ஒரு கணம் தெரிந்தாலும் ஐந்து, வாவி தெரிந்தாலும் ஐந்து. பாலம் வந்தால் இரு பக்கமும் நீர். அப்போது இரு கட்சிக்கும் புள்ளி உண்டு. திரும்பி வரும்போது திசை மாறிவிடும்; எழுவானார் படுவானார் ஆவர். எனவே, “அவர்கள் பக்கம்தான் நல்ல பக்கம்” என்ற முறைப்பாட்டுக்கு இடமே இல்லை.

ஆங்கிலேயப் பிள்ளைகளும் இவ்வகையான விளையாட்டு ஒன்றை ஆடுவதுண்டு. ஒருவர் தாம் கண்ட பொருளின் முதலெழுத்தை மட்டும் சொல்ல, மற்றையோர் அப்பொருளை ஊகிக்கவேண்டும். ‘ஐ ஸ்பை’ என்பது அதன் பெயர். தமிழில் அதையே சற்றுக் கடினமாக்கி, முதலெழுத்துக்குப் பதிலாக இறுதியெழுத்தைச் சொல்லி ஆடிப் பாருங்கள். பத்து வயதுக்கு மேற்பட்டோருக்கு அது நன்றாகப் பொருந்தும்.

மரம் தேடும் வீதி

மட்டக்களப்பு ஊர்ப்பெயர்கள் பலவற்றுள் ஒரு மரமோ செடியோ ஒளிந்து நிற்கிறது. அதைக் கண்டுபிடிப்பதே இவ்விளையாட்டு. பெயர்ப்பலகை கண்ணிற் பட்டதும் மரத்தின் பெயரைச் சொல்பவருக்கு ஒரு புள்ளி. அம்மரத்தின் பயனொன்றையும் சொன்னால் இன்னொரு புள்ளி.

நகரின் நடுவே புளியந்தீவிலிருந்து புறப்படுகிறோம். அங்கேயே ஒரு புளி. கல்லடிப் பாலத்தைக் கடந்து சென்றால் நொச்சிமுனை. தடிமனுக்கு நொச்சியிலை போட்டு ஆவி பிடித்த நினைவு அம்மம்மாவுக்கு உடனே வரும். பின்னர்த் தாழங்குடா, தாழம்பூவின் மணத்தைச் சொன்னால் புள்ளி. அப்பால் மாங்காடு, இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. அடுத்துத் தேற்றாத்தீவு; தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்து விட்டால் கலங்கிய நீர் தெளியும் என்பது நம் முன்னோர் அறிந்த முறை. பெரியநீலாவணைக்கு அப்பால் மருதமுனை; நீர்க்கரையை விரும்பும் மரம் மருது. கைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊரும் அதுவே. கல்முனையையும் சாய்ந்தமருதையும் தாண்டினால் காரைதீவு. 1892 இல் சுவாமி விபுலானந்தர் பிறந்த ஊர். சாய்ந்தமருதில் உள்ள மருதையும் சேர்த்துக்கொண்டால், ஏறத்தாழ 45 கிலோமீற்றர் வழியில் எட்டுப் பெயர்களிலே மரமோ செடியோ கிடைத்துவிடுகிறது. படுவான்கரைக்குச் செல்வோருக்குக் கொக்கட்டிச்சோலையும் மகிழடித்தீவும் உண்டு. வடக்கே செல்வோருக்கு வாழைச்சேனை இருக்கிறது.

கவனியுங்கள்: காத்தான்குடியின் பெயரில் மரம் இல்லை, ஆனால் அதன் பிரதான வீதியின் நடுவே பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கின்றன. “பெயரில் இல்லாத மரத்தை வீதியில் காட்டு” என்று கேட்டு அங்கே ஒரு சிறப்புப் புள்ளி கொடுக்கலாம்.

இவ்விளையாட்டிலே ஓரிடத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். கல்லடிக்கு அருகே, கடலுக்கும் வாவிக்கும் நடுவே நாவலடி என்ற ஊர் உண்டு. “நாவல்!” என்று பிள்ளை கூவும்போது பெரியோர் ஒரு கணம் பேசாதிருக்கக்கூடும். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை அவ்வூரை வாரிக்கொண்டு போயிற்று. பிள்ளை ஏன் என்று கேட்டால், புள்ளிக் கணக்கை நிறுத்திவைத்துவிட்டு, அறிந்தவர் அறிந்ததைச் சொல்லட்டும். விளையாட்டு காத்திருக்கும்.

ஊர் அந்தாதி

முடிவே தொடக்கமாக வருவது அந்தாதி. ஒருவர் ஓர் ஊரைச் சொல்ல, அது முடியும் எழுத்தில் தொடங்கும் ஊரை அடுத்தவர் சொல்லவேண்டும். ஆனால் தமிழில் எல்லா எழுத்தும் சொல்லுக்கு முதலில் வாரா. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்பவையும், புள்ளி பெற்ற மெய்யும் முதலாகா என்று வகுப்பிலே படித்திருக்கிறீர்கள். இறுதியெழுத்து அவ்வாறானதாயின் அதற்கு முந்திய எழுத்தை எடுக்கவேண்டும். அதுவும் ஆகாதாயின் அதற்கும் முந்தியது. இதுவே விதி.

ஆடிக் காட்டுகிறோம். ‘மண்முனை’ என்றார் ஒருவர். ‘னை’ முதலாகாது, ஆகவே ‘மு’. அடுத்தவர், ‘முதலைக்குடா’. ‘டா’ ஆகாது, ‘கு’. மூன்றாமவர், ‘குருக்கள்மடம்’. ‘ம்’ மெய், ‘ட’ ஆகாது, ‘ம’. ‘மருதமுனை’ என்கிறார் நான்காமவர். மீண்டும் ‘மு’ வருகிறது, ‘முனைக்காடு’. அதிலிருந்து ‘கா’, ‘காத்தான்குடி’. அதிலிருந்து ‘கு’, ‘குருமண்வெளி’. அதிலிருந்து ‘வெ’, ‘வெருகல்’. அதிலிருந்து ‘க’, ‘களுதாவளை’. அதிலிருந்து ‘வ’, ‘வவுணதீவு’.

இங்கேதான் வேடிக்கை. வகர மெய் உகரத்தோடு கூடிச் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. ஆகவே ‘வு’ ஆகாது. ‘தீ’ என்று தொடங்கும் ஊர் வேண்டும். மட்டக்களப்பிலே தீவில் முடியும் ஊருக்குப் பஞ்சமில்லை. தீயில் தொடங்கும் ஊரோ எளிதில் நினைவுக்கு வராது. எனவே, தீவில் முடியும் ஊரைச் சமயம் பார்த்து எறிபவர் பெரும்பாலும் வென்றுவிடுவார். எதிர்க்கட்சியில் ஒரு கூர்த்த மாணவன் இருந்து, அம்பாறைப் பக்கத்துப் பழைய தாதுகோபத் தலமாகிய ‘தீகவாபி’யைச் சொன்னால் ஆட்டம் உயிர்த்துவிடும். தன் ஊருக்கு அப்பாலும் நாட்டை அறிந்தவனே இவ்விளையாட்டில் நிலைப்பான் என்பது இதிலுள்ள பாடம். பிள்ளைகளுக்கு அதை வாயால் போதிக்க வேண்டியதில்லை. இரண்டு முறை தோற்றால் தாமே கண்டுகொள்வர்.

ஒன்பதைத் துரத்தல்

ஊர்களுக்கு இடையே வெளியும் வயலுமாக வரும் இடங்களில் பெயர்ப்பலகைகள் குறைந்துவிடும். அப்போது எதிரே வரும் வாகனங்களின் இலக்கத் தகடு உதவும். நான்கு இலக்கங்களையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை ஒன்பதின் மடங்காக வந்தால் “பிடித்தேன்!” என்று சொல்லவேண்டும். உதாரணமாக 4725: 4, 7, 2, 5 ஆகியவற்றைக் கூட்ட 18, ஒன்பதின் மடங்கு. அப்படியானால் 4725 என்ற எண்ணும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும், ஈவு 525. ஏன் இவ்வாறு நிகழ்கிறது என்று கேட்கும் மாணவருக்கு: 10 இல் ஒன்பது போக மீதி 1, 100 இலும் 1000 இலும் ஒன்பதுகளை நீக்க மீதி அதே 1. ஆகவே ஓரெண்ணிலிருந்து ஒன்பதுகளையெல்லாம் கழித்துவிட்டால், அதன் இலக்கங்களைக் கூட்டி ஒன்பதால் வகுக்கும்போது வரும் மீதியே எஞ்சும். சராசரியாக ஒன்பது வாகனங்களுக்கு ஒன்று அகப்படும். பஸ் வண்டிக்கும் லொறிக்கும் உழவு இயந்திரத்துக்கும் ஒரே நீதி.

நொடி போடுதல்

நொடி போடுவதும் அவிழ்ப்பதும் நம் வீடுகளிலே நிலாக் காலத்து முற்றத்து விளையாட்டு. முற்றம் வண்டிக்குள் வந்தால் என்ன? இவ்வாரத்துக்கென ஐந்து நொடிகள் தருகிறோம். விடைகள் இப்பகுதியின் இறுதியில் உள்ளன. அவிழ்க்குமுன் பார்த்தல் ஆகாது.

1. ஆயிரம் யன்னல் உள்ள வீடு. ஆற்றில் எறிந்தால் விருந்தோடு வரும்.

2. காலும் இல்லை, சக்கரமும் இல்லை. ஆளையும் வண்டியையும் சுமந்து கரைக்குக் கரை போகும்.

3. கறந்தபோது ஓடினான், சட்டிக்குள் ஓரிரவு உறங்கி எழுந்தபின் ஓட மறந்தான்.

4. வீதியோரம் நிற்பான், வாய் திறவான். எவ்வளவு தூரம் என்று எல்லாருக்கும் சொல்வான்.

5. முன்னே தொங்குவான், பின்னே நடப்பதைச் சாரதிக்கு மட்டும் சொல்வான்.

இவற்றை அவிழ்த்தபின், ஒவ்வொருவரும் யன்னலுக்கு வெளியே கண்ட பொருளொன்றைப் பற்றித் தாமே ஒரு நொடி கட்டவேண்டும் என்பது அடுத்த கட்டம். பெயரைச் சொல்லாமற் பொருளைச் சொல்வது எளிதன்று. அதிலே பிள்ளையின் கண்ணும் தமிழும் ஒருங்கே கூர்மையாகும்.

ஒரு நிமிட மௌனம்

சத்தம் மிகுந்து, சாரதியின் நெற்றி சுருங்கத் தொடங்கும்போது ஆடவேண்டிய விளையாட்டு இது. எல்லாரும் கண்ணை மூடி ஒரு நிமிடம் பேசாதிருந்து, காதில் விழுந்த ஒலிகளை வரிசையாகச் சொல்லவேண்டும். கோயில் மணி, பள்ளிவாசலின் பாங்கு, தேவாலய மணி, கடைத்தெரு இரைச்சல், பாலத்தின்மேல் சில்லு உருளும் ஓசை என்று அடுக்கலாம். அதிக ஒலிகளைச் சரியாகச் சொன்னவர் வென்றவர்.

இந்த நாட்டுக்கு இவ்விளையாட்டு மிகவும் உரியது. மட்டக்களப்பை மீன்பாடும் தேன்நாடு என்பர். 1848 இல் இங்கு வந்த குடியேற்ற நாட்டுச் செயலாளர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், இரவிலே வாவியிற் படகேறிச் சென்று அந்த ஒலியைக் கேட்டார். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈரவிரலால் தேய்க்கும்போது எழும் நாதத்துக்கு அதை ஒப்பிட்டு, 1859 இல் வெளியான தமது நூலில் எழுதினார். 1947 இல் ‘யாழ்நூல்’ தந்த விபுலானந்த அடிகளும் இவ்வொலியைப் பற்றி எழுதியிருக்கிறார். பாடுவது மீனா, ஊரியா என்ற வழக்கு இன்னும் முற்றாகத் தீரவில்லை. முழுநிலா இரவிலே படகின் துடுப்பை நீரில் ஊன்றி மறுமுனையிற் காதை வைத்தால் நன்கு கேட்கும் என்பர். 2013 இல் கல்லடியிலே புதிய பாலம் திறக்கப்படும்வரை, பழைய இரும்புப் பாலத்திலே ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனங்களே செல்ல முடியும். மறுபக்கத்தார் காத்து நிற்பர். அக்காத்திருப்பில் எத்தனை பிள்ளைகள் “மீன் பாடுகிறதா?” என்று காது கொடுத்திருப்பர்! இன்று காத்திருப்பு இல்லை. காது கொடுக்கும் வழக்கமாவது இருக்கட்டும்.

தாய்மாருக்குச் சில விதிகள்

சாரதியை ஆட்டத்தில் சேர்க்கவேண்டாம். அவர் அப்பாவாயினும் மாமாவாயினும், அவருடைய கண் வீதிக்குரியது. கணக்குத் தீர்க்கவும் அவரை அழைக்கவேண்டாம். தலையையோ கையையோ யன்னலுக்கு வெளியே நீட்டியவரின் புள்ளியெல்லாம் கழிக்கப்படும் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். ஆசனப் பட்டி கட்டாதவர் ஆட்டக்காரரல்லர். மிகச் சிறிய பிள்ளைக்கு ஒரு பெரியவர் துணை சேரட்டும். பிள்ளைகள் “இன்னும் ஒரு தடவை” என்று கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள். சலிக்கும்வரை ஆடிய விளையாட்டை அடுத்த பயணத்தில் எவரும் விரும்பார். பரிசு வேண்டுமாயின், வழியில் வாங்கும் கச்சானை முதலில் உடைக்கும் உரிமையே போதுமானது.

இனி, முன்னர்ச் சொல்லாது விட்ட இரண்டாவது விலை. பிள்ளைகள் திரையைப் பார்த்திருக்கும் வண்டியிலே அம்மம்மா யாருக்கும் தேவைப்படுவதில்லை. பெத்தா என்று அன்போடு அழைக்கும் வீடுகளிலும் இதே நிலைதான். மூலை ஆசனத்திலே, மடியில் வெற்றிலைப் பையுடன், பேசாமல் வருகிறார். ஆனால் மரம் தேடத் தொடங்குங்கள். ஊர் அந்தாதி தொடங்குங்கள். அவரே தலைசிறந்த ஆட்டக்காரர் என்பது தெரியவரும். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படுமுன் அந்தத் துறையிலே பாதையேறிப் படுவான்கரைக்குப் போன நாள், தாவடி போல நீண்ட வயல்வரப்பில் நடந்த நாள், எந்த ஊரில் யாருக்குப் பெண் கொடுத்தோம், எந்த ஊரிலிருந்து இடம்பெயர்ந்து எங்கே தங்கினோம் என்பவை எல்லாம் ஊர்ப்பெயர்களோடு ஒட்டிக்கொண்டு வெளிவரும். போர்க்காலத்தில் கடல்கடந்து போன குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, இவ்வூர்களில் ஒன்றின் பெயர் பெற்றோரின் பத்திரங்களில் மட்டும் கிடக்கிறது. தொறொன்ரோவிலிருந்து வந்த பேரன் ‘தீகவாபி’ என்று சொல்லி வெல்ல, அம்மம்மா ‘மகிழடித்தீவு’ என்று சொல்லி அவனை மடக்கினால், அப்பெயர் பத்திரத்தை விட்டு அவன் நாவுக்கு வந்துவிடும்.

முதியோரின் நினைவு நமக்கு என்றும் காத்திருக்கப்போவதில்லை. அடுத்த விடுமுறைக்கு அவ்வாசனம் வெறுமையாக இருக்கவுங்கூடும். ஆகவே இவ்வாரப் பயணத்திலே அவரை யன்னலோரத்தில் இருத்தி, முதல் ஊரைச் சொல்லும் உரிமையை அவருக்கே கொடுங்கள்.

நொடிகளின் விடைகள்: 1. வீச்சுவலை. 2. பாதை (வாவியைக் கடக்கும் மிதவை). 3. தயிர். 4. கிலோமீற்றர்க் கல். 5. சாரதியின் தலைக்கு முன்னுள்ள கண்ணாடி.